வைரசு எதிர்ப்பு மென்பொருளும் கண்டறிதற் சோதனைகளும் – ஒரு மதிப்பீட்டு நோக்கு

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் அமைய, மணற்பாங்கான நிலத்தில் உள்ள ஊர் ஆலங்குடா. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தபோது அவர்களுக்குப் புகலிடமாயமைந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. இத்தகைய ஓர் ஊரிலே காணியுறுதியின் பிரதியும், பிறப்புச் சான்றிதழும், விட்டுவந்த வீட்டின் ஒளிப்படமும் வெறுங் காகிதங்கள் அல்ல, உரிமைக்கான சான்றுகள். அச்சான்றுகள் இன்று கணினியிலும் பென் டிரைவிலும் கோப்புகளாகக் குடியேறிவிட்டன. அவை கணினி வைரசினால் அழிந்தாலும் இழப்பே. வைரசு எதிர்ப்பு மென்பொருள் அவற்றைத் தவறாக ஐயுற்று நீக்கினாலும் இழப்பே.

ஆகவே, "எந்த வைரசு எதிர்ப்பு மென்பொருள் சிறந்தது?" என்னும் வினா பெருநகரத்து அலுவலகங்களுக்கு மட்டும் உரியதன்று. இவ்வினாவுக்கு விளம்பரங்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரு சதவீதமாகவே அமைகின்றது: 99.5, 99.8, சிலவேளை 100. இவ்வெண்கள் எங்கே, எவரால், எதனை அளந்து பெறப்பட்டன? அவற்றை நாம் எவ்வாறு வாசித்தல் வேண்டும்? இக்கட்டுரை இவ்விரு வினாக்களையும் விளக்க முயல்கின்றது.

1. முழுமையான காவல் இயலுமா?

வைரசு எதிர்ப்பு மென்பொருள் ஒரு கோப்பைக் கண்டு, "இது தீயது", "இது தீங்கற்றது" என்று தீர்ப்பளிக்கின்றது. இத்தீர்ப்புக்கு அது மூன்று வழிகளை நாடுகின்றது. முன்னரே அறியப்பட்ட தீநிரல்களின் அடையாளங்களோடு கோப்பை ஒப்பிடுதல் ஒன்று. கோப்பின் அமைப்பையும் நடத்தையையும் நோக்கி ஊகித்தல் மற்றொன்று. நிறுவனத்தின் தொலைவிலுள்ள கணினிகளை இணையத்தின் வழியே வினவி, உலகெங்குமுள்ள பயனர்களின் கணினிகளில் அக்கோப்பு எவ்வளவு பரவியுள்ளது, எப்போது தோன்றியது என அறிதல் மூன்றாவது.

இவ்வழிகளுள் எதுவும் பிழையற்றதாக இருத்தல் இயலாது என்பது கோட்பாட்டளவிலேயே நிறுவப்பட்ட உண்மை. அமெரிக்க அறிஞர் பிரெட் கோஹென் 1984இல் வெளியிட்ட ஆய்வில் இதனை எடுத்துக்காட்டினார். அவரது வாதத்தின் சாரம் எளியது. எந்த நிரல் தன்னைப் பெருக்கிப் பரவும், எது பரவாது என்பதை எப்போதும் சரியாகச் சொல்லும் நடுவர் நிரல் ஒன்று உண்டு என வைத்துக்கொள்வோம். இனி, அந்நடுவரையே தன்னைப்பற்றிக் கேட்கும் வேறொரு நிரலை எழுதுவோம். நடுவர் "நீ பரவுவாய்" என்றால் அது வாளாவிருக்கும். "நீ பரவமாட்டாய்" என்றால் பரவத் தொடங்கும். எவ்வாறு கூறினும் நடுவரின் கூற்றுப் பொய்யாகும். எனவே அத்தகைய நடுவர் இருத்தல் இயலாது.

இவ்வுண்மையிலிருந்து நாம் பெறுவது, சோதனைகள் பயனற்றவை என்னும் முடிவன்று. சோதனைகள் இன்றியமையாதவை என்னும் முடிவே. கோட்பாட்டினால் உறுதி தரமுடியாதவிடத்து, அளந்து பார்த்தலே எஞ்சிய வழி. ஆனால், அளக்கப்படுவது ஒரு மென்பொருளின் பிழையற்ற தன்மை அன்று. எத்தகைய சூழலில், எத்தகைய பிழையை, எவ்வளவு செய்கின்றது என்பதே.

2. சோதிப்போரும் சோதிக்கும் முறையும்

இத்துறையிற் பெயர்பெற்ற சோதனை நிறுவனங்கள் சிலவே. இங்கிலாந்தில் 1989இல் தொடங்கிய வைரஸ் புல்லட்டின் என்னும் இதழ், 1998 முதல் விபி100 என்னும் சான்றினை வழங்கலாயிற்று. பயனர்களிடையே உண்மையில் உலவுவனவாகப் பட்டியலிடப்பட்ட வைரசுகள் அனைத்தையும் கண்டறிதல் வேண்டும், தீங்கற்ற கோப்பு ஒன்றையேனும் பழித்தல் ஆகாது என்பன தொடக்கத்தில் அதன் விதிகளாக இருந்தன. ஜேர்மனியின் மக்டபேர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் நிறுவனம், பாதுகாப்பு, கணினியின் வேகம், பயன்பாட்டு நலம் ஆகிய மூன்றுக்கும் தலா ஆறு புள்ளிகள் வழங்குகின்றது. ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரிலுள்ள ஏவி-கொம்பறேட்டிவ்ஸ் நிறுவனம், மென்பொருள்களை வரிசைப்படுத்தாது தரப்படிகளாகத் தொகுத்து விருதளிக்கின்றது. தமிழரிடையே தோன்றிய முயற்சியும் இக்களத்தில் உண்டு. சென்னையில் தொடங்கப்பட்ட கே7 கம்பியூட்டிங் நிறுவனத்தின் மென்பொருள் இச்சோதனைகளிற் பங்குபற்றி வந்துள்ளது.

சோதனை முறைகளும் பலவகைப்படும். மிகப் பழைய முறை, சேகரித்து வைத்த தீநிரற் கோப்புகளின் குவியலை மென்பொருளின் முன் வைத்து, எத்தனையை அது சுட்டுகின்றது என எண்ணுதல். இது எளிது, மலிவானது. ஆயின் பயனர் ஒருவருக்குத் தீநிரல் வந்து சேரும் வழியை இம்முறை கணக்கிற் கொள்வதில்லை. இக்குறையைப் போக்குவதற்கு, தீய இணையத்தளங்களை உண்மையாகவே திறந்து பார்க்கும் முறை பின்னர் வளர்ந்தது. மென்பொருளின் அடையாளத் தொகுதியை ஒரு குறித்த நாளில் உறையவைத்து, அந்நாளுக்குப் பின் தோன்றிய நிரல்களைக் கொண்டு அதன் ஊகத்திறனை அளக்கும் முறையையும் ஏவி-கொம்பறேட்டிவ்ஸ் சில ஆண்டுகள் கையாண்டது.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். ஐரோப்பியக் கணினி வைரசு ஆய்வமைப்பான ஐக்கார் பெயரால் வழங்கும் 68 எழுத்துகள் கொண்ட சோதனைக் கோப்பினை மென்பொருள் பிடித்துவிட்டது எனக் காட்டி, "பாருங்கள், நன்றாக வேலை செய்கின்றது" என்போர் உளர். அக்கோப்பு முற்றிலும் தீங்கற்றது. எல்லா மென்பொருள்களும் அதனை முன்னறிந்து சுட்டுமாறு உடன்பட்டுள்ளன. மென்பொருள் விழித்திருக்கின்றது என்பதை மட்டுமே அது காட்டும்.

3. மாதிரியின் சிக்கல்

கரைவலை இழுப்போர் ஒருநாட் பாட்டினைக் கொண்டு கடலிலுள்ள மீன்களின் தொகையைக் கூறமாட்டார். வலை எங்கே விடப்பட்டது, எந்தப் பருவத்தில் விடப்பட்டது, வலைக்கண் எவ்வளவு என்பனவற்றைப் பொறுத்தே பாடு அமையும். சோதனைக்கு எடுக்கப்படும் தீநிரல் மாதிரிகளும் அத்தகையனவே.

ஏவி-டெஸ்ட் நிறுவனம் நாளொன்றுக்கு நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட புதிய தீநிரல்களையும் வேண்டத்தகாத நிரல்களையும் பதிவு செய்வதாகக் கூறிவந்துள்ளது. இப்பெருங்கடலிலிருந்து சில நூறோ பல்லாயிரமோ தெரிந்தெடுக்கப்படுகின்றன. அவை எந்த நாடுகளிலிருந்து பெறப்பட்டன? ஐரோப்பியப் பயனரை வருத்தும் நிரல்களும், எமது பிரதேசத்தில் பென் டிரைவின் வழியே கைமாறும் நிரல்களும் ஒரே விகிதத்தில் அதில் உள்ளனவா? அவற்றுட் பல ஒரே குடும்பத்தின் சிறுசிறு வேறுபாடுகளா? ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆயிரம் மாதிரிகளைப் பிடிப்பது ஆயிரம் வேறுபட்ட வெற்றிகள் ஆகாது. அது ஒரு வெற்றியின் ஆயிரம் பிரதிகளே. மாதிரிகளின் தொகை பெரிதாக இருத்தல் மட்டும் சோதனைக்குப் பெருமை சேர்ப்பதில்லை.

சூழலும் மாதிரியைப் போலவே முதன்மையானது. ஆலங்குடாவில் ஒரு கொமியுனிகேஷன் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். போட்டோப் பிரதி எடுப்போரும், படிவம் நிரப்புவோரும், பரீட்சைப் பெறுபேறு பார்ப்போரும் நாள்தோறும் தத்தம் பென் டிரைவுகளை அங்குள்ள ஒரே கணினியிற் செருகுகின்றனர். இணையத்துக்கான டேட்டா தீர்ந்த நாள்களில் அக்கணினி உலகத் தொடர்பற்றுக் கிடக்கின்றது. சோதனைக்கூடத்தின் கணினியோ இடையறாத இணையத் தொடர்பு உடையது. முன்னர்க் கூறிய மூன்றாவது வழி, அதாவது தொலைக் கணினியை வினவும் வழி, சோதனைக்கூடத்திற் சிறப்பாக இயங்கும். கடையில் இணையம் இல்லாத நாளில் இயங்காது. ஒரே மென்பொருள் ஈரிடங்களில் இரு மென்பொருள்களாகி விடுகின்றது.

ஏவி-கொம்பறேட்டிவ்ஸ் நடத்தும் தீநிரற் பாதுகாப்புச் சோதனை இவ்வேறுபாட்டைத் தனித்தனியே காட்டுகின்றது: இணையத் தொடர்பு இல்லாதபோது கண்டறிந்தவை எத்தனை, தொடர்பு உள்ளபோது கண்டறிந்தவை எத்தனை, நிரலை இயக்கியபின் தடுத்தவை எத்தனை என்பன தனித்தனியே தரப்படுகின்றன. விளம்பரங்களில் இடம்பெறுவது பெரும்பாலும் உயர்ந்த எண்ணே. எமது கடைக்காரர் முதலிற் பார்க்கவேண்டியதோ இணையமில்லா நிலைக்குரிய எண்.

4. எண்களின் பொருள்

ஒரு சோதனையில் 400 மாதிரிகள் பயன்படுத்தப்பட்டன எனக் கொள்வோம். முதல் மென்பொருள் இரண்டினைத் தவறவிட்டது. அதன் வெற்றி 99.5 சதவீதம். இரண்டாவது நான்கினைத் தவறவிட்டது. அதன் வெற்றி 99 சதவீதம். "முதலாவது சிறந்தது" என முடிவுகட்டலாமா?

புள்ளிவிவரவியல் இதற்கு உடன்படாது. 400இல் இரண்டு தவறியது என்றால், அதன் உண்மையான தவறுவீதம் ஏறத்தாழ 0.06 சதவீதத்துக்கும் 1.8 சதவீதத்துக்கும் இடையில் எங்கேனும் இருக்கலாம் என்பதே 95 சதவீத நம்பிக்கையுடன் கூறத்தக்கது. நான்கு தவறியதற்கு அவ்வெல்லை ஏறத்தாழ 0.3 முதல் 2.5 வரை ஆகும். இரு எல்லைகளும் பெரும்பகுதி ஒன்றன்மீது ஒன்று படிகின்றன. ஒரு மாதிரியும் தவறாது 100 சதவீதம் பெற்ற மூன்றாவது மென்பொருளுக்குங்கூட, மூன்றினை 400ஆற் பிரித்தால் வரும் 0.75 சதவீதம்வரை தவறுவீதம் இருக்கக்கூடும். எனவே முதலிடம், இரண்டாமிடம் என்னும் வரிசை பெரும்பாலும் தற்செயலின் விளைவு. தரப்படிகளாகத் தொகுத்தல் வரிசைப்படுத்துதலினும் நேர்மையானது என்பதன் காரணம் இதுவே.

ஒரு சோதனையின் பெறுபேற்றைவிடப் பல ஆண்டுகளாகப் பல சோதனைகளில் ஒரு மென்பொருள் எந்தப் படியில் நின்று வந்துள்ளது என்பது பொருளுடையது. ஒரே சோதனையில் முதலிடம் பெற்று அடுத்ததிற் சரிவதைவிட, தொடர்ந்து மேற்படியில் நிற்பது நம்பத்தக்கது.

5. வீண் பழியின் விலை

கண்டறிதல் வீதத்தை மட்டும் நோக்கினால், எல்லாக் கோப்புகளையும் "தீயது" எனக் கூறும் மென்பொருளே 100 சதவீதம் பெறும்! ஆகவே தீங்கற்றதைத் தீயதெனப் பழிக்கும் வீதமும் உடன் நோக்கப்படல் வேண்டும். இதனை நாம் பொய் எச்சரிக்கை எனலாம்.

பொய் எச்சரிக்கை சிறு தொல்லை என எண்ணுவது தவறு. 2010 ஏப்ரல் 21ஆம் நாள் மக்கஃபி நிறுவனம் வெளியிட்ட அடையாளத் தொகுதி, வின்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு இன்றியமையாத ஒரு கோப்பினையே வைரசெனக் கொண்டது. பெருந்தொகையான கணினிகள் மீண்டும் மீண்டும் நின்று எழும் நிலைக்கு உள்ளாயின. 2012 செப்டெம்பரில் சொஃபோஸ் நிறுவனத்தின் மென்பொருள் தனது புதுப்பித்தற் கோப்புகளையே தீயனவெனச் சுட்டியது.

பொய் எச்சரிக்கையின் பாரம் இடத்துக்கிடம் மாறும். ஒரு கணினியில் 10,000 கோப்புகள் உள்ளன. அவற்றுள் இரண்டு மட்டுமே தீயவை எனக் கொள்வோம். மென்பொருளின் கண்டறிதல் வீதம் 99.5, பொய் எச்சரிக்கை வீதம் 0.1 சதவீதம். அது அவ்விரண்டையும் பிடித்தாலும், தீங்கற்ற ஏறத்தாழப் பத்துக் கோப்புகளையும் சேர்த்துப் பழிக்கும். பன்னிரண்டு எச்சரிக்கைகளுள் பத்துப் பொய்! அதே மென்பொருளை, 1,000 கோப்புகளில் 300 தீயனவாக உள்ள ஓர் இடத்தில் வைத்தால், ஏறத்தாழ 299 எச்சரிக்கைகளுள் பொய்யானது சராசரியாக ஒன்றுக்கும் குறைவே. மென்பொருள் மாறவில்லை, சூழல் மாறியது.

மருத்துவத் துறையினர் இதனை நன்கறிவர். மலேரியா அற்ற நாடென 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. நோய் அருகியவிடத்து, நோயுண்டெனக் காட்டும் ஒவ்வொரு பெறுபேற்றையும் மீண்டும் சரிபார்த்தல் முன்னிலும் அவசியமாகின்றது. கணினிக்கும் விதி அதுவே. பத்து முறை பொய்யாக அலறிய மென்பொருளின் பதினோராவது அலறலைப் பயனர் பொருட்படுத்தமாட்டார். கப்பங் கோரும் நிரல் அந்தப் பதினோராவதாக இருக்கலாம்.

இவ்விடத்திற் சிறிய மொழிச் சமூகங்களுக்கு உரிய ஒரு கேட்டினையும் சுட்டுதல் வேண்டும். பொய் எச்சரிக்கைகளை மதிப்பிடும்போது, பழிக்கப்பட்ட கோப்பு எத்தனை பேராற் பயன்படுத்தப்படுகின்றது என்பதையும் சோதனை நிறுவனங்கள் கணக்கிற் கொள்வதுண்டு. இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் நிரலைப் பழித்தல் பெருங்குற்றம்; சில நூறு பேர் பயன்படுத்தும் நிரலைப் பழித்தல் சிறுகுற்றம். பெரும்பான்மையோர் நலன் நோக்கி இது நியாயமே. ஆனால் தமிழில் தட்டெழுத உதவும் சிறு நிரல் ஒன்றினை எண்ணுவோம். அது பயனர் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் கவனித்து, ஆங்கில எழுத்தைத் தமிழெழுத்தாக மாற்றல் வேண்டும். கடவுச்சொற்களைத் திருடும் தீநிரலும் விசைகளைக் கவனிப்பதே. நடத்தையில் இரண்டும் ஒத்தன. பரவலோ இரண்டுக்கும் குறைவு. இதனால் தமிழ் நிரல் ஐயுறவுக்கு உள்ளாகும் வாய்ப்பு மிகுதி. அப்பிழைக்குச் சோதனையில் விதிக்கப்படும் தண்டம் குறைவு. எண்ணிக்கையிற் சிறுபான்மையானது சந்தையின் அளவுகோலில் எவ்வாறு நலிவுறுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

6. சோதிப்போரைச் சோதித்தல்

சோதனைகளுக்குப் பணம் தேவை. அப்பணத்தின் பெரும்பகுதி, சோதிக்கப்படும் நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்திலிருந்தே வருகின்றது. இதனால் மட்டும் சோதனை பொய்யென்று கூறுதல் நேர்மையாகாது. ஆனால் இவ்வுறவினை வாசகர் அறிந்திருத்தல் வேண்டும். சோதனை நெறிகளை வகுப்பதற்காக 2008இல் தோன்றிய அம்ற்சோ என்னும் அமைப்பிலும் சோதிப்போரும் சோதிக்கப்படுவோரும் ஒருங்கே உறுப்பினராக உள்ளனர்.

சோதனைக்கு வரும் மென்பொருளும் மக்களுக்கு வரும் மென்பொருளும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது அடிப்படை நெறி. 2015இல் இந்நெறி மீறப்பட்டமை வெளியாயிற்று. சீனாவின் கிஹூ 360 நிறுவனம், வேறொரு நிறுவனத்தின் கண்டறிதற் பொறி முடுக்கப்பட்ட நிலையில் தனது மென்பொருளைச் சோதனைக்கு அனுப்பியது. சீனப் பயனர்களுக்கு வழங்கிய மென்பொருளிலோ அப்பொறி இயல்பாக முடுக்கப்பட்டிருக்கவில்லை. ஏவி-கொம்பறேட்டிவ்ஸ், ஏவி-டெஸ்ட், வைரஸ் புல்லட்டின் ஆகிய மூன்றும் கூட்டாக அதனைக் கண்டித்து, அவ்வாண்டு வழங்கிய சான்றுகளை மீளப் பெற்றன. போட்டி நிறுவனங்களின் சோதனைக்கூடங்கள் ஒன்றிணைந்தபோதே உண்மை உரைக்கப்பட்டது என்பது கருதத்தக்கது.

நிறுவனங்கள் ஒன்றையொன்று பின்பற்றுவதும் ஒரு சிக்கல். பல மென்பொருள்களின் தீர்ப்புகளை ஒருங்கே காட்டும் வைரஸ்டோட்டல் என்னும் சேவையைச் சுட்டி, "இத்தனை மென்பொருள்கள் தீயதென்கின்றன" எனச் சான்று காட்டுவோர் உளர். கஸ்பர்ஸ்கி நிறுவனம் தீங்கற்ற கோப்புகளை ஆக்கி, அவற்றுட் பத்து தீயவை என அச்சேவையில் தெரியுமாறு செய்தது. ஏறத்தாழப் பத்து நாள்களுள் பதினான்கு நிறுவனங்கள்வரை அவற்றைத் தீயவையெனக் கூறலாயின. பதினான்கு சாட்சிகள் ஒரே வாயாகப் பேசினால் சாட்சி ஒன்றே.

கண்டறிதற் சோதனை எதனை அளக்காது என்பதையும் மறத்தலாகாது. கஸ்பர்ஸ்கியின் மென்பொருள் இச்சோதனைகளில் நெடுங்காலம் உயர்ந்த இடம் பெற்றது. எனினும் 2024 யூனில் ஐக்கிய அமெரிக்கா, தேசியப் பாதுகாப்பைக் காரணங்காட்டி அதன் விற்பனையைத் தனது நாட்டில் தடைசெய்தது. அத்தடையின் நியாயம் எமது ஆய்வுக்கு அப்பாற்பட்டது. கணினியின் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் உரிமை பெற்ற மென்பொருளை நம்பலாமா என்னும் வினாவுக்குச் சதவீதம் விடை தராது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

7. வாசகர் எழுப்பவேண்டிய வினாக்கள்

இதுவரை நோக்கியவற்றிலிருந்து, ஒரு சோதனை முடிவினை வாசிக்கும்போது எழுப்பத்தக்க வினாக்களை நாம் பின்வருமாறு தொகுக்கலாம். மாதிரிகள் எத்தனை, எங்கிருந்து, எப்போது பெறப்பட்டன? இணையத் தொடர்பற்ற நிலையிலான பெறுபேறு தரப்பட்டுள்ளதா? கண்டறிதல் வீதத்தோடு பொய் எச்சரிக்கைகளும் வெளியிடப்பட்டுள்ளனவா? முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் இடையிலான வேறுபாடு தற்செயலின் எல்லைக்கு மேற்பட்டதா? இதே மென்பொருள் சென்ற ஆண்டுகளில் எங்கு நின்றது? சோதனைக்கு யார் பணம் செலுத்தினர்? சோதிக்கப்பட்ட பதிப்பும் எமக்குக் கிடைக்கும் பதிப்பும் ஒன்றா?

எமது கற்பனைக் கடைக்காரருக்கு இவ்வினாக்கள் தரும் விடை மிகவும் நடைமுறை சார்ந்தது. மேற்படியில் நிற்கும் மென்பொருள்களுக்கு இடையிலான அரைச் சதவீத வேறுபாட்டுக்காக அவர் பணஞ் செலவிட வேண்டியதில்லை. வின்டோசுடன் 2012 முதல் இணைந்தே வரும் டிஃபென்டரும் இச்சோதனைகளில் இடம்பெற்று வருவதே. இணையம் கிடைக்கும் நாளில் அடையாளத் தொகுதியைப் புதுப்பித்தல், பென் டிரைவைத் திறக்குமுன் சோதித்தல், ஐயத்துக்குரிய கோப்பினை உடனே அழிக்காது தனிமைப்படுத்தி வைத்தல், காணியுறுதி போன்ற சான்றுகளின் பிரதியைக் கணினியிலிருந்து கழற்றிய வேறொரு கருவியில் வைத்தல் ஆகியன அவருக்கு அதனினும் பெரிய காவல். 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிவுற்றமையால், பழைய கணினிகளைக் கொண்டோருக்கு இக்கவனம் மேலும் வேண்டற்பாலது.

ஆயின் இப்பொறுப்பு முழுவதையும் தனிமனிதர் தலையிற் சுமத்திவிடல் முறையன்று. எமது பிரதேசத்தில் உலவும் தீநிரல்களைச் சேகரிக்கவும், இணையம் அருகிய சூழலில் மென்பொருள்களைச் சோதிக்கவும், தமிழ், சிங்கள நிரல்கள் வீணே பழிக்கப்படும்போது அவற்றுக்காகக் குரல்கொடுக்கவும் பொது நிறுவனங்கள் முன்வரல் வேண்டும். 2006இல் தோற்றுவிக்கப்பட்ட இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலை அணியும் எமது பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகளும் இப்பணிக்கு உரியன. இன்ஸ்புறுக்கிலும் மக்டபேர்க்கிலும் எடுக்கப்படும் அளவுகள் மதிப்புடையன. ஆனால் அவை அவ்விடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆலங்குடாவிலிருந்து அளந்தால் எவ்வெண் கிடைக்கும் என்பதை நாமே அளந்தாலன்றி அறிய இயலாது.